அட்டவணையில் நான் அழித்த வரி

அந்த ஆர்டருக்கு என்னிடம் நாற்பத்தைந்து நாள் இருந்தது. முதலாளி உட்பட மற்ற எல்லோரிடமும் நாற்பத்துநான்கு என்று சொல்லியிருந்தேன்.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் அட்டவணை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் கட்டிங், தையல், பேக்கிங் எல்லாப் பிரிவிலும் வியாழக்கிழமை என்று சொல்லிவைப்போம். யாராவது ஒருவர் எப்படியும் தாமதிப்பார் என்ற நம்பிக்கைதான். என்னுடைய காரணம் கொஞ்சம் வேறு. பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மகளுக்குப் பதினைந்து மாதம். என்றைக்காவது காலையில் அவள் நெற்றி சுட்டால் நான் வீட்டில் இருக்க வேண்டும், கப்பலும் போக வேண்டும். அதற்காக ஒதுக்கிய நாள் அது. என் கணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொன்னால் செலவாகிவிடும் என்று பயம்.

நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு தாள் இருந்தது. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கும் என்று வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து, எந்த வரிசையில் ஒரு நாள் தவறினால் மொத்த வேலையும் தவறுமோ அந்த வரிசையைச் சிவப்பில் காட்ட வேண்டும். கிரிட்டிகல் பாத் என்பார்கள். கல்லூரியில் பாலம் கட்டுவதற்கும் வீடு கட்டுவதற்கும் வரைந்தோம். இங்கே வந்து நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று வரைகிறேன். இருபத்துமூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எத்தனை நாள், எந்த மெஷின், யார் பொறுப்பு என்று மூன்று கட்டம்.

இன்னொரு பாடமும் படித்திருந்தேன். பல காரணங்களைச் சேர்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று. ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எடை கொடுத்து, ஒவ்வொரு வழிக்கும் மதிப்பெண் போட்டு, பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும். மகளைப் பகலில் விட மூன்று இடங்களை அப்படித்தான் ஒப்பிட்டேன். தூரம், சுத்தம், எத்தனை குழந்தைகள், பார்த்துக்கொள்கிறவரின் குரல். கணவர் நிட்டிங் யூனிட்டில் ஷிப்ட் முடிந்து வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"எதுக்கெடுத்தாலும் உனக்குக் கட்டம் போடோணும். என்னையும் இப்படித்தான் மார்க் போட்டுக் கட்டிக்கிட்டியா?"

"நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப என் கையில பேனா இல்லீங்க. தப்பிச்சுட்டீங்க" என்றேன்.

கம்பெனிக்குப் பின்சந்தில் இருந்த ஓர் அக்காவின் வீடுதான் முதலில் வந்தது. அங்கேயே விட்டேன். விட்ட பிறகும் குரலுக்குக் கொடுத்த எடை போதுமா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆர்டர் கைக்குழந்தைகளுக்கான ரோம்பர். கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே உடுப்பு, முன்னால் பட்டன். மூன்று மாதக் குழந்தையிலிருந்து ஒன்றரை வயதுவரை நாலு அளவு. சாயம் போட எந்தப் பட்டறைக்குக் கொடுப்பது என்பதையும் என் அட்டவணையே முடிவுசெய்தது. முதலாளிக்கு அவருடைய மச்சான் பட்டறைமேல் ஆசை. மதிப்பெண்ணைக் காட்டினேன்.

"ஏனுங்கம்மிணி, எங்க மச்சானப் பெயிலாக்கிட்டீங்களே. பொங்கலுக்கு நான் எப்படி அவிநாசிக்குப் போறது?" என்று சிரித்தார். ஆனாலும் என் பேச்சைக் கேட்டார். நிறம் துல்லியமாக வர வேண்டும் என்பதற்கு நான் அதிக எடை கொடுத்திருந்தேன். அதில் முதலாவதாக வந்த பட்டறைக்குத் துணி போனது.

அவர்கள் நாலு நாள் தாமதித்தார்கள். முதல்முறை போட்ட இளம் மஞ்சள் ஒரு சாயல் தூக்கலாக இருக்கிறது என்று அவர்களே நிராகரித்து மறுபடி போட்டார்கள். நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். எதற்காக அவர்களைத் தேர்ந்தெடுத்தேனோ அதே குணத்தால் தாமதித்தார்கள். யாரைக் குறைசொல்வது? முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான் பெயரையும் எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாலு நாளை எங்காவது மீட்க வேண்டும். தையலில் இன்னொரு லைன் போட்டால் ஒரு நாள். பிரிண்டிங்கை இரண்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் ஆட்களை வரச்சொன்னால் ஒரு நாள். நாலாவது நாள் கிடைக்கவில்லை. அட்டவணையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோராவது வரியில் கண் நின்றது.

சாயம் போட்டு வந்த பின்னல் துணியை உடனே வெட்டக்கூடாது. ரோலில் இழுத்துச் சுற்றி வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து ஒரு நாள் முழுக்க மேசையில் தளர்வாகப் போட்டுவைக்க வேண்டும். துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும். அதன் பிறகே கத்தி. எங்கள் அட்டவணையில் அதுதான் பதினோராவது வரி. எத்தனை நாள் என்ற கட்டத்தில் ஒன்று. எந்த மெஷின் என்ற கட்டம் காலி. யார் பொறுப்பு என்ற கட்டமும் காலி.

ஒருவரும் எதுவும் செய்யாத ஒரு நாள். நான் எதுவும் செய்யாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாதவள். மகள் தூங்கும்போதும் ஏதாவது மடித்துக்கொண்டிருப்பேன். வேலையைச் சுருக்குவது பற்றிப் பாடத்தில் நன்றாகத்தான் படித்திருந்தேன். ஆளைக் கூட்டினால், மெஷினைக் கூட்டினால் நாளைக் குறைக்கலாம். ஆளே இல்லாத வேலையில் எதைக் கூட்டுவது என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. துணி ஏற்கெனவே பட்டறையில் அரை நாள், லாரியில் கொஞ்சம், எங்கள் ஸ்டோரில் கொஞ்சம் என்று கிடந்துதானே வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோலாகச் சுற்றிக் கிடப்பதும் விரிந்து கிடப்பதும் ஒன்றல்ல என்பது தெரியாமல் இல்லை. வரியை அழித்தேன். இருபத்திரண்டு வரியாக அட்டவணை அச்சாகி வந்தது. முதலாளி கடைசி வரியிலிருந்த தேதியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஒளித்துவைத்திருந்த அந்த ஒரு நாளை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அது என் மகளுடையது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கட்டிங் மாஸ்டர் அந்தக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், விருதுநகர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்து பாதி ஆயுள் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"என்ன தாயி, துணி படுக்குற நாளக் காணோம்?"

"ஸ்டோர்லயே ஒரு நாள் கெடந்துருச்சுங்க மாஸ்டர். அத நான் கணக்குல சேத்துட்டேன்."

"சுத்தி வச்சிருந்தாக. கட்டிப்போட்டுக் கெடந்தவன நல்லாத் தூங்குனியான்னு கேட்ட கதையா இருக்கு." காகிதத்தை என் மேசையில் வைத்தார். "வேணாம் தாயி. சொன்னாக் கேளுங்க."

"கப்பல் தப்பிருமுங்க மாஸ்டர். வியாழக்கெழமை."

வியாழக்கிழமை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் கத்தி ஓடும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்துத் தையலிலிருந்து முதல் ரோம்பர்கள் வந்தன. அளவு பார்க்கும் பெண் டேப்பை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. அரை சென்டிமீட்டர்வரைதான் ஏற்றுக்கொள்வார்கள். பட்டன் வரிசை நெளிந்து நின்றது. வெட்டிவைத்த பாகங்களை எடுத்துவரச் சொல்லி அளந்தோம். எல்லாமே சுருங்கியிருந்தன. மொத்தத் துணியில் பாதி வெட்டியாகிவிட்டது.

முதலாளி கட்டிங் ஹாலுக்கு இறங்கி வந்தார். அவர் சத்தம்போட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"எத்தன வருசமாய்யா கத்தி புடிக்கறே? துணிய விரிச்சுப்போடாம வெட்டுவியா? நேத்து வந்த இந்திக்காரப் பையனுக்குத் தெரியும்யா இது!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் கையிலிருந்த அளவுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் படிக்க ஒன்றுமில்லை.

"விரிச்சுப் போடல மொதலாளி. தப்புத்தான்" என்றார் மாஸ்டர்.

"பொழுதோட ஆபீசுக்கு வா. நாளையிலிருந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

பொழுதோட என்றால் எங்கள் பக்கம் சாயங்காலம். அப்போது மணி பதினொன்றரை. எனக்கு ஆறரை மணி நேரம் இருந்தது. இதையும் நான் கணக்குப் போட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மதியம் பின்சந்துக்கு ஓடினேன். மகளுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டே, மடியில் அளவுத்தாளைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தேன். மூன்று வழிகள். ஒன்று, பேசாமல் இருப்பது. இரண்டு, நடந்ததைச் சொல்லிவிடுவது. மூன்று, நடந்ததைச் சொல்லாமல் மாஸ்டருக்காகப் பரிந்து பேசுவது.

எடை போடுவதற்கு முன் காரணங்களை இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். மகளா, வேலையா? மகள். வேலையா, உண்மையா? வேலை. கணவரின் யூனிட்டில் அப்போது வாரத்தில் நாலு நாள்தான் மெஷின் ஓடியது. உண்மையா, மகளா? இங்கே பேனா நின்றது. இவள் வளர்ந்து ஒருநாள் இதைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். உண்மை என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன். மகள் வேலையைவிடப் பெரிது, வேலை உண்மையைவிடப் பெரிது, உண்மை மகளைவிடப் பெரிது. ஒரு சுற்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தேன். பாடத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒப்பீடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் வரும் விடையை நம்பாதே, மறுபடி மனதைக் கேள் என்பார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. சரியாக எழுதியிருக்கிறேன்.

"என்னங்கம்மிணி, சோறூட்டறப்பவும் கணக்கா?" என்றார் அக்கா. "பாப்பா ஆன்னு வாயத் தொறந்து எவ்வளவு நேரமாச்சு, பாருங்க."

பார்த்தேன். திறந்த வாயோடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனதை மறுபடி கேட்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒப்பீட்டை விட்டுவிட்டு எடையைக் குத்துமதிப்பாகப் போட்டேன். மூன்றாவது வழி முதலில் வந்தது. எடையை மாற்றினேன். அப்போதும் அதுவே வந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மதிப்பெண் வாங்குகிற வழிக்குத்தான் இந்தக் கணக்கில் எப்போதும் வெற்றி. ஒன்றிலும் முழுதாகத் தோற்காத வழி அது.

மூன்று மணிக்கு முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், மாஸ்டர இந்த ஒருதடவ விட்டுருங்க சார். பழைய ஆளு. இதுவரைக்கும் இப்படிப் பண்ணுனதில்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். கோபம் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு நல்ல மனசுங்கம்மிணி. உங்க ப்ளான அவன் கெடுத்துட்டான், நீங்க வந்து அவனுக்குப் பேசறீங்க. எல்லாருக்கும் வராது இது."

இதற்கு நான் எந்தக் கட்டமும் போட்டு வைத்திருக்கவில்லை. திட்டியிருந்தால் மூன்றாவது வழியிலேயே நின்றிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். பாராட்டைத் தாங்க முடியவில்லை.

"அவரு கெடுக்கலீங்க சார். துணி போட்டுவைக்கற நாள நான்தான் எடுத்தேன். அவரு வேண்டாம்னு என்கிட்ட வந்து சொன்னாரு."

அட்டவணையைக் கேட்டார். கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பத்தாவது வரிக்கு அடுத்து கட்டிங் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. அதையும் சற்று நேரம் பார்த்தார்.

"படிச்ச புள்ள போட்டதுன்னு நம்பித்தான நான் படிக்காமயே போட்டேன்" என்றார், எனக்கா அவருக்கா என்று தெரியாத குரலில்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் இதைவிட மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

"இன்னொண்ணு இருக்குங்க சார். நமக்குக் கடைசி நாள் வியாழன் இல்லீங்க. வெள்ளி. ஒரு நாள் நான் வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா..."

அவர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "ஏனுங்கம்மிணி, ஒரு நாள இடுப்புல சொருகி வெச்சுக்கிட்டா துணியச் சாவடிச்சீங்க?"

"ஆமாங்க சார்."

வேறென்ன சொல்ல? அவர் உட்கார்ந்தார். "செரி. இப்ப என்ன பண்றது, அதச் சொல்லுங்க."

அதற்கு விடை தெரிந்திருந்தது. சுருங்கிய பாகங்களை வீசத் தேவையில்லை. ஒன்றரை வயது அளவுக்கு வெட்டியதை ஓரம் கழித்து ஒரு வயதுக்கு ஆக்கலாம், அதைக் கழித்து அதற்குக் கீழே. மிகச் சின்ன அளவு மட்டும் வீண். மிகப் பெரிய அளவை மீதித் துணியில் புதிதாக வெட்ட வேண்டும். அந்தத் துணி முழுதாக ஒரு நாள் விரிந்து கிடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் முடியும், சரியாக முடியும், ஒரு மணி நேரம்கூட மீதி இருக்காது. சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்து மாஸ்டரை மேலே வரச் சொன்னார்.

மாஸ்டரிடம் அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அம்மிணி எல்லாஞ் சொல்லிருச்சு. போயித் துணிய விரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே உங்க அட்டவணையில மாஸ்டர் கையெழுத்து இல்லாம என் மேசைக்கு எதுவும் வரக்கூடாது." என் வேலை இருக்கிறது என்பதை அந்த வாக்கியத்திலிருந்து நானே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படி இறங்கும்போது அதைப் பலமுறை சொல்லிப்பார்த்தேன், வேறு அர்த்தம் இருக்குமோ என்று.

சரக்கு உரிய வெள்ளிக்கிழமை மாலை துறைமுகத்துக்குள் போய்விட்டது. அது பிறகு தெரிந்தது. துணியை விரித்துப் போட்ட அந்த நாளில் எனக்கு எதுவும் தெரியாது.

முதலாளியிடம் சொன்னதற்கு மறுநாள் காலை முழு நீள மேசையில் இளம் மஞ்சள் துணி அலை அலையாகக் கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. முந்தின நாள் மாலை நாலு மணிக்கு விரித்தது. மாலை நாலுவரை அது கிடக்க வேண்டும். மற்ற வேலைகள் எனக்கு நிறைய இருந்தன. ஆனால் ஒன்பதரைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். பத்தேகாலுக்கு. பதினொன்றுக்கு. பின்சந்து அக்காவுக்கு இரண்டு முறை போன் செய்து மகளின் நெற்றியைத் தொட்டுப்பார்க்கச் சொன்னேன். சுடவில்லை என்றார். இனிமேல் அவளுக்கென்று ஒதுக்கிய நாள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு நான் போனபோது மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாத்துக்கிட்டே நின்னா வெரசாச் சுருங்கிருமா?" என்றார்.

"இல்லீங்க மாஸ்டர்."

"அப்ப உக்காருங்க. நீங்க நடக்குறதப் பாத்து எனக்குக் கால் வலிக்கி."

உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்றில் துணியின் ஓரம் மட்டும் லேசாக அசைந்தது.

"மொதலாளிகிட்ட ஏங்க நீங்க சொல்லலே?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? பொம்பளப்புள்ள மேல பழியப் போட்டான்னு ஆகும்." டீயை ஒரு வாய் குடித்தார். "அதுவுமில்லாம கத்தி என் கையிலதான தாயி இருந்துச்சு. கீழ வச்சிருக்கலாம்ல. வைக்கலயே. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

நான் மட்டும்தான் அப்படி நினைத்துக்கொண்டு கிடப்பவள் என்று இருந்தேன்.

"அந்த ஒரு நாள எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன மைக்கு வச்சா ஊருக்குச் சொல்லப்போறேன்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. "புள்ளைக்குன்னு சொன்னா யாரு வேணாம்பா?"

"அட்டவணையில அத என்னன்னு எழுதறதுங்க மாஸ்டர்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

நாலு மணிக்கு டேப்போடு வந்தோம். விரிக்கும்போது அவர் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு ஒரு மீட்டர் குறித்து வைத்திருந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனை என்னிடம். தொண்ணூற்றேழு. மூன்று சென்டிமீட்டர், யாரும் எதுவும் செய்யாமல். அவர் கத்தி மெஷினின் பிளக்கைச் செருகிவிட்டு, சுவிட்சில் கைவைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெட்டவா?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு மணி நேரமும் மீதி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"இன்னொரு தடவ அளந்துறலாங்களா மாஸ்டர்?"

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.